கார் எலிக்கு வைத்தியம் தரையில் இருக்கிறது

வடகிழக்குப் பருவமழை பிடித்து இரண்டு நாள் விடாமல் பெய்தால் மண்ணுக்குள் இருக்கும் வளைகளில் தண்ணீர் ஏறிவிடும். எலியும் பெருச்சாளியும் காய்ந்த, இருட்டான, கொஞ்சம் உயரமான இடம் தேடி வெளியே வரும். சென்னை அடுக்ககங்களின் தூண்களுக்கு நடுவே வரிசையாக நிற்கும் கார்களில் இந்த மூன்று வசதியும் உண்டு. சாயங்காலம் ஓட்டி வந்து நிறுத்திய என்ஜின் சில மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். மழை படாது, நாய் நுழையாது. டயரைப் பிடித்து ஏறினால் சஸ்பென்ஷன் ஆர்ம், அங்கிருந்து ஒரு தாவலில் என்ஜின் மேல்பகுதி. மறுநாள் சாவியைத் திருப்பினால் ஏபிஎஸ் விளக்கோ என்ஜின் விளக்கோ அணையாமல் எரியும்.

பிறகு வழக்கமாக நடப்பது இதுதான். ஒயரை ஒட்டுவார்கள், பானெட்டுக்குள் புகையிலையைக் கட்டுவார்கள், ஆன்லைனில் ஒரு ஸ்பிரே வாங்கி அடிப்பார்கள். சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடியும் கடி. கார் எத்தனை முறை சரியானாலும் அது நிற்கிற தரை அப்படியேதான் இருக்கிறது. முதலில் தரை, அடுத்து காருக்குள் போகும் வழி, அதற்குப் பிறகுதான் ஒயர். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிற வரை செலவு நிற்காது.

எது வருகிறது என்று தெரியாமல் பொறியோ வலையோ வாங்கக் கூடாது. புழுக்கையைப் பாருங்கள். அரிசி அளவில், 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில் சிதறிக் கிடந்தால் சுண்டெலி. 12 மில்லிமீட்டர் வாக்கில், இரு முனையும் கூராக இருந்தால் வீட்டெலி; காரின் மேல்பகுதி வரை சுலபமாக ஏறுவது இதுதான். அதைவிடப் பெரிதாக, சாக்கடை ஓரத்திலும் சுவரடியிலும் கிடந்தால் பெருச்சாளி. ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது பல்லி எச்சம், கவலை வேண்டாம். பகலில் கடி விழுகிறது, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நாரும் பஞ்சும் அடைந்திருக்கிறது என்றால் அணில். கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாக ஓடும் நீள மூக்கு மூஞ்சூறு எலி இனமே இல்லை. அது கரப்பானையும் பூச்சியையும் தின்று வாழ்வது. அதைக் கொல்வதால் உங்கள் ஒயருக்கு ஒரு லாபமும் இல்லை.

எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்கக் கல் கோலமாவு போதும். அரிசி மாவு வேண்டாம், தின்றுவிடும். நான்கு டயரைச் சுற்றியும், சுவரோரமாகவும், சாக்கடை மூடியைச் சுற்றியும் இரவில் மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் கால்தடமும் வால் இழுத்த கோடும் பதிந்திருக்கும். எலி திறந்த வெளியை வெறுக்கும்; சுவரை மீசையால் தொட்டபடியே ஓடும். அதனால் சுவரிலும் குழாயிலும் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக ஒரு கறை படிந்திருக்கும். அந்தக் கறைதான் அதன் நெடுஞ்சாலை. பொறி வைக்க வேண்டிய இடமும் அதுவே.

ஏன் கடிக்கிறது என்பதில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: இப்போதைய கார்களின் ஒயர் உறையில் சோயா கலந்திருப்பதால்தான் எலி தின்கிறது என்பது. அமெரிக்காவில் 2016-இல் டொயோட்டா, ஹோண்டா நிறுவனங்கள் மீது இதை வைத்து வழக்கே போட்டார்கள். ஆனால் எலி சோயா வருவதற்கு முன்பே பிவிசி ஒயரைக் கடித்தது, ஈயக் குழாயைக் கூடக் கடித்தது. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. கடித்துத் தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. வழியில் குறுக்கே நிற்பதைக் கடிக்கும், கூட்டுக்குப் பஞ்சு வேண்டும் என்று பானெட் உறையைக் கிழிக்கும். இன்னொரு எலியின் மூத்திர வாடை இருந்தால் அந்த இடத்தில் உரிமை கொண்டாடத் தானும் பெய்து, கடித்து வைக்கும். ஒயரைப் புதிதாக மாற்றிவிட்டு என்ஜின் அறையைக் கழுவாமல் விடுகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப அதே கடி விழுவது இதனால்தான்.

தரை

பார்க்கிங்கில் சாப்பாடு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மூடியில்லாத குப்பைத் தொட்டி, தெரு நாய்க்கு வைத்த சோறு, புறாவுக்கு இறைத்த தானியம், வாகன பூஜைக்கு உடைத்த பூசணியும் தேங்காயும், காருக்குள்ளேயே குழந்தை சிந்திய பிஸ்கட். இவை இரவில் கிடைக்கிற வரை எந்தப் பொறியிலும் எலி விழாது. பொறியில் இருக்கும் தீனியைவிட நல்ல தீனி வெளியில் இருக்கும்போது அது ஏன் உள்ளே தலையை விட வேண்டும்? இரவு ஒன்பது மணிக்குள் தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைச் சங்கத்தில் பேசி முடிவெடுங்கள். ஒருவர் தன் காருக்கு மட்டும் ஸ்பிரே அடித்தால் எலி பக்கத்துக் காருக்குப் போகும், வாடை போனதும் திரும்பி வரும். அடுக்ககத்தில் இது தனி ஆள் வேலையே அல்ல.

அடுத்து ஓட்டைகள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். எலிக்குட்டிக்குக் கட்டைவிரல் நுழைகிற அளவு. சாக்கடை மூடியின் துளைகள், இ.பி. பெட்டிக்குக் கீழே கேபிள் நுழையும் குழாய், லிஃப்ட் குழி, மேல்மாடிக் குழாய்கள் இறங்கும் இடைவெளி, காம்பவுண்டு சுவரும் தரையும் சேரும் மூலை ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் போக வேண்டிய துளைக்குக் கால் அங்குலக் கண் உள்ள துருப்பிடிக்காத எஃகு வலை. மற்றவற்றுக்கு ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், அதோடு நொறுக்கிய கண்ணாடித் துண்டு. நம் ஊர்க் கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்கிற இந்தக் கலவைக்கு ஈடு இல்லை. மேலாகப் பூசாமல் உள்ளே குறைந்தது நான்கு அங்குலம் திணிக்க வேண்டும். தெர்மாகோலும், டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரையும் தனியாக நிற்காது. ஓரிரு இரவில் குடைந்துவிடும்.

பெருச்சாளி வளைக்கு அவசரப்பட்டு சிமெண்ட் போடாதீர்கள். ஒரு வளைக்குப் பல வாய்கள் உண்டு. மாலையில் எல்லா வாயையும் ஈர மண்ணாலோ கசக்கிய செய்தித்தாளாலோ லேசாக அடைத்து வைத்தால், புழக்கத்தில் இருப்பவை காலையில் திறந்திருக்கும். அவற்றின் அருகே பொறி வைத்துப் பிடித்து முடித்து, தொடர்ந்து மூன்று நாள் எந்த வாயும் திறக்கவில்லை என்று உறுதியான பிறகே கலவையை இறக்க வேண்டும். உள்ளே உயிரோடு இருக்கும்போது அடைத்தால் பக்கத்தில் புது வாய் தோண்டும், தளக் கல்லும் இறங்கும்.

தனி வீட்டில் ஷட்டர் போட்ட கேரேஜ் என்றால் பலவீனமான இடம் ஷட்டரின் அடிப்பகுதியும் இரு ஓரங்களும். அடியில் போடும் ரப்பர் பட்டையை மட்டும் நம்ப முடியாது, அதுவே கடிபடும். தரையைச் சமன்செய்து, ரப்பருக்கு வெளிப்பக்கம் இரும்புப் பட்டை வைத்து, இடைவெளியை 6 மில்லிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். மரக்கதவு என்றால் அடியில் ஓரடி உயரத்துக்கு ஜிஐ தகடு அடியுங்கள். கூரையைத் தொடும் மரக்கிளையைக் கூரையிலிருந்து ஆறடி விலகி இருக்கும்படி வெட்டிவிட வேண்டும்; வீட்டெலி தரை வழியைவிடக் கிளை வழியை விரும்பும். பழைய அட்டைப் பெட்டி, சாக்கு, செய்தித்தாள் கட்டு எல்லாம் கூட்டுக்கான மூலப்பொருள். வைத்தே ஆக வேண்டியதை மூடி போட்ட டப்பாவில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

பொறி விஷயத்தில் பலரும் ஒரே ஒரு பொறியை வாங்கி இடம் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். எலி புதுப்பொருளைக் கண்டால் நாள்கணக்கில் ஒதுங்கும். ஒருமுறை அடிபட்டுத் தப்பியது அப்புறம் அந்தப் பொறி பக்கமே வராது. சரியான முறை வேறு. பத்து கார் நிற்கும் இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பொறிகளை ஒரே நேரத்தில், ஆறு முதல் பத்தடிக்கு ஒன்றாக, தீனி இருக்கும் பக்கம் சுவரைத் தொட்டு நிற்கும்படி வையுங்கள். மூன்று இரவு வில்லை ஏற்றாமல் தீனி மட்டும் வைக்க வேண்டும். சுட்ட தேங்காய்ச் சில்லு, மசால் வடை, கருவாட்டுத் துண்டு எது தீர்கிறது என்று பாருங்கள். நான்காம் இரவு எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுங்கள். தீனியை நூலால் கட்டிவிட்டால் நைசாக எடுத்துக்கொண்டு ஓட முடியாது. குழந்தையும் பூனையும் நடமாடும் இடத்தில் வில்பொறியை ஓட்டை போட்ட பெட்டிக்குள் வைக்க வேண்டும், அல்லது கூண்டுப் பொறிதான். கூண்டில் சிக்கியதைத் தெருமுனையில் விடுவதில் அர்த்தமில்லை. திரும்பி வரும், இல்லாவிட்டால் அங்கிருப்பவர் வீட்டுக்குள் போகும். பசை அட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூசி படிந்த பார்க்கிங்கில் அதன் பிடிப்பு சீக்கிரம் போய்விடும். பிடிபட்டது அணு அணுவாகச் சாகும். அணிலும் பல்லியும் குருவியும் அதில் ஒட்டும்.

காருக்குள் போகும் வழிகள்

தரை வேலை நடக்கும்போதே காரையும் பார்க்கலாம். கேபினுக்குள் எலி போவது பெரும்பாலும் வைப்பருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டின் கீழே இருக்கும் ஏசி காற்றுவாய் வழியாகத்தான். வைப்பர் கையைக் கழற்றி, கிளிப்புகளை விடுவித்தால் தட்டு வந்துவிடும். காற்றுவாயின் அளவுக்குக் கால் அங்குலக் கண் வலையை வெட்டி, நாலு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் மடித்து, எஃகு கேபிள் டையாலோ சிறிய திருகாலோ இறுக்குங்கள். ஒரு சிறிய காருக்கு ஓரடிக்கு இரண்டடி வலை ஒன்று தாராளம். கொசுவலையோ நைலான் வலையோ கூடாது: ஒரே இரவில் கிழியும், கண் சிறியதாக இருப்பதால் இலை அடைத்துக் காற்றும் நிற்கும். தட்டின் தண்ணீர் வடிகாலை மட்டும் மறைக்காதீர்கள். மறைத்தால் மழைநீர் புளோயருக்குள் இறங்கும்.

காரை நிறுத்துவதற்கு முன் ஏசியை உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றும் பழக்கம் செலவில்லாத காவல். உள்ளே இருக்கும் தகடு வெளிக்காற்று வாயை அடைத்துக்கொள்ளும். கையால் நகர்த்தும் லீவர் உள்ள கார்களில் அது அப்படியே நிற்கும். தானியங்கி ஏசியில் சில மாடல்கள் அணைத்ததும் தகட்டை வேறு நிலைக்குக் கொண்டுபோகும் என்பதால் உங்கள் காரில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

என்ஜினின் அடித்தட்டு பல கார்களில் சர்வீஸின்போது கிளிப் உடைந்து, பிறகு பொருத்தப்படாமலே போயிருக்கும். அது இல்லாத கார் எலிக்குத் திறந்த வாசல். புதிதாகப் போடுங்கள், அதே சமயம் தட்டின் மேல்பக்கம் கூடு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கீழ்ப்பகுதி முழுவதையும் வலையால் அடைக்கும் யோசனை வேண்டாம். முழுதாக அடைக்கவும் முடியாது, சூடும் வெளியேறாது, வலை தளர்ந்து பெல்ட்டில் சிக்கினால் பெரிய சேதம். மற்றபடி என்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தடுப்பில் ஒயர் நுழையும் ரப்பர் வளையங்கள், தரைக் கம்பளத்துக்குக் கீழே உள்ள ரப்பர் மூடிகள், பின்பம்பருக்குள் இருக்கும் காற்றுப்போக்கி மடல்கள் ஆகியவை முழுதாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

விரட்டும் பொருட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவற்றின் பலன் சுருக்கம். புகையிலை காய்ந்தால் வாடை போகும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். அந்துருண்டை திறந்த பார்க்கிங்கில் எலியைத் தடுக்காது. அதன் ஆவி கேபினுக்குள் வந்து நம் மூச்சில்தான் கலக்கும், ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள குழந்தையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். மண்ணெண்ணெய், டீசல் தெளிப்பது தீக்கு அழைப்பு, ரப்பர் குழாயும் ஊதிப்போகும். அல்ட்ராசோனிக் கருவியின் ஒலி திடப்பொருளைத் தாண்டாது. என்ஜின் அறையோ முழுக்கத் திடப்பொருள். எலிக்கும் ஒலி பழகிவிடும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-லேயே இத்தகைய கருவிகளைத் தயாரித்து விற்ற 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாதென்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஓரளவு அர்த்தமுள்ளது மிளகாய்க் காரம் ஏற்றிய டேப். ஹோண்டா 4019-2317 என்ற பாக எண்ணில் அமெரிக்காவில் இதை விற்கிறது, ஒரு சுருள் 20 மீட்டர். விலை அதிகம் என்பதால் கடிபட்ட இடத்திலும் அதற்கு இருபுறமும் ஓரடிக்கும் மட்டும் சுற்றலாம். சுற்றும்போது கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

விஷம் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். காரைச் சுற்றி விஷம் வைக்காதீர்கள். புரோமாடியோலோன் கட்டி ரத்தத்தை உறையவிடாமல் செய்து சில நாள் கழித்தே கொல்லும். அதற்குள் எலி உங்கள் ஏசி குழாய்க்குள் போய்ச் சாகும். டேஷ்போர்டைக் கழற்றாமல் அந்த நாற்றம் போகாது. விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் பூனையும் கூகையும் சேர்ந்து சாகும். எலியைத் தின்று நமக்கு உதவுகிற பறவையை இழந்துவிட்டு எலியைக் கட்டுப்படுத்த முடியாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது, யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மூடிய கேரேஜும் காற்றோட்டமில்லாத அறைதான்.

கழுவுதலும் ஒயர் வேலையும்

புழுக்கையைக் கண்டதும் துடைப்பத்தையோ வேக்குவத்தையோ எடுக்க வேண்டாம், தூசியாகப் பறந்து மூச்சில் ஏறும். எலிக்காய்ச்சல் மூத்திரத்தால் பரவுவது. கையில் சிராய்ப்பு இருந்தாலே போதும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தரையிலும் பிளாஸ்டிக் பாகங்களிலும் நனையத் தெளித்து, பத்து நிமிடம் கழித்துக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். சீட் துணியில் சாயம் போகும், ஒயர்களை இணைக்கும் கப்ளர்களில் அரிப்பு வரும் என்பதால் அங்கே சோப்புக் கரைசல்தான். என்ஜின் அறைக்கும் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும், பிரஷர் வாஷர் வேண்டாம். கேபின் ஃபில்டரைக் கழற்றி மாற்றும் வரை புளோயரைப் போடாதீர்கள்.

கடி தேடும்போது கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஒயரோடு நிறுத்திவிடக் கூடாது. வீல் சென்சார் ஒயர், ஆக்ஸிஜன் சென்சார் ஒயர், இன்ஜெக்டர் ஒயரிங், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் மறைந்திருக்கும் நாக் சென்சார், வைப்பர் தண்ணீர்க் குழாய், வேக்குவம் குழாய் எல்லாம் வழக்கமான இரை. இவற்றைவிட முக்கியம் எரிபொருள் குழாய். பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஃபியூஸ் போனால் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பது தீவிபத்தில் முடியும்.

முறுக்கி டேப் ஒட்டுவது மழை வரை தாங்கும், அவ்வளவுதான். கடிபட்ட இடத்தில் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் பளபளப்பான செம்பு தெரிகிற வரை வெட்டி, அதே கனமுள்ள ஒயர்த் துண்டை இணைத்து, கிரிம்ப் ஸ்லீவால் இறுக்கி, சூடு காட்டினால் சுருங்கி இறுகும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்து அதிர்வில் ஒடியும் என்பதால் இருபுறமும் கட்டித் தாங்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஒயர்களின் ஒட்டுகள் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக இருக்கட்டும். காரின் கணினிகள் தகவல் பரிமாறும், இரண்டு ஒயர் முறுக்கிப் போகும் கேன் லைனில் அந்த முறுக்கை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும். மஞ்சள் உறையுள்ள ஏர்பேக் ஒயரை ஒட்டவே கூடாது, முழு ஒயரிங்கும் மாற்றுவதுதான் முறை. மின்சாரக் காரின் ஆரஞ்சுக் கேபிளில் கடி தெரிந்தால் தொடாதீர்கள். பயிற்சி பெற்றவர் வரும் வரை சார்ஜும் போட வேண்டாம்.

காப்பீட்டைப் பொறுத்தவரை மூன்றாம் நபர் பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் எலிக்கடி சேருமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் எடுத்திருந்தால் அந்தக் கழிவு இல்லை. ஆனால் ஒரு சிறிய கோரிக்கை வைத்தாலும் 20-இல் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். வீல் சென்சார் ஒயர் ஒன்றுக்காக அதை இழப்பது நஷ்டம். ஹார்னஸ் எனப்படும் ஒயர்த் தொகுப்பு முழுதும் போனால்தான் கணக்குக் கட்டும். கோருவதாக இருந்தால் கழுவுவதற்கு முன்பே புழுக்கையும் கடித்தடமும் தெரியும்படி படம் எடுத்து வைத்து, சர்வேயர் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

எலி 21 முதல் 23 நாளில் குட்டி போடும். ஒரு மாதம் வெளியூர் போகிறீர்கள் என்றால் கார் பிரசவ அறையாகும் அளவுக்கு அவகாசம் இருக்கிறது. கிளம்பும் முன் காருக்குள் இருக்கும் தீனி, டிஷ்யூ, துணி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், உட்காற்றுச் சுழற்சியில் நிறுத்துங்கள், தரை வரை தொங்கும் கார் கவரைப் போடாதீர்கள். அது எலிக்கு மறைவும் ஏணியும் ஆகிறது. நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுத்து, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பானெட்டைத் தட்டித் திறந்து பார்த்து, இருபது நிமிடம் ஓட்டி வந்து, வேறு இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்கூட்டருக்கும் இதேதான், அங்கே பார்க்க வேண்டியது சீட்டுக்கு அடியிலும் ஏர் ஃபில்டர் பெட்டியிலும்.